இரைப்பைக்குள் மிதந்த பிசின்

மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சில மருந்துகளின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்றோ, எக்ஸ்.ஆர். என்றோ, ஓ.டி. என்றோ இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்கச் சொல்லி ஒரு வரியும் இருக்கும். விழுங்கியவுடன் மொத்தமாகக் கரைந்துவிடாமல், மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கசியவிடும் மாத்திரைகள் இவை. உள்ளே ஏதோ நுட்பமான இயந்திரம் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் இருப்பது ஒரு பசை. மரக்கூழிலிருந்தோ, பஞ்சிலிருந்தோ, கடல்பாசியிலிருந்தோ, கொத்தவரை விதையிலிருந்தோ எடுத்த, தண்ணீர் பட்டால் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடுகிற பசை. ஜிகர்தண்டாவுக்காக இரவில் ஊறப்போட்ட பாதாம் பிசின் காலையில் பாத்திரம் நிறைய உப்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

உப்ப வைப்பது சுலபம். எங்கே உப்ப வேண்டும், உப்பியபின் எங்கே தங்க வேண்டும் என்பதில்தான் அறுபது வருடத்துக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்தை மெதுவாகக் கொடுக்கும் வியாபாரத்தை வெற்றிகரமாகத் தொடங்கி வைத்தது அமெரிக்காவின் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனம். 1952-ல் வந்த அதன் 'ஸ்பான்ஸ்யூல்' கேப்ஸ்யூலுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் இருந்தன. சிலவற்றின் மேல் மெல்லிய பூச்சு, சிலவற்றின் மேல் தடித்த பூச்சு. மெல்லியது முதலில் கரையும், தடித்தது பிறகு கரையும். அழகான யோசனைதான். ஆனால் செய்வதற்குப் பொறுமையும் பணமும் வேண்டும். பூச்சின் தடிமன் சற்று மாறினால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

பத்து வருடம் கழித்து, 1962-ல், கிறிஸ்டென்சன், டேல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வாங்கிய காப்புரிமை இதைத் தலைகீழாக மாற்றியது. பூச்சே வேண்டாம் என்றார்கள். மருந்துத் தூளோடு தண்ணீரில் உப்பும் பிசினைக் கலந்து, சாதாரண மாத்திரை மெஷினில் அழுத்தினால் போதும். வயிற்றுக்குள் போனதும் மாத்திரையின் வெளிப்புறம் நனைந்து ஜெல்லாகும். அந்த ஜெல்தான் உள்ளே தண்ணீர் வேகமாகப் போகாமல் தடுக்கும் சுவர். மருந்து அந்தச் சுவருக்குள் ஊர்ந்து ஊர்ந்துதான் வெளியே வர முடியும். வெளிச்சுவர் தேயத் தேய, உள்ளேயிருந்து புதுச் சுவர் உருவாகும். தனக்கான பூச்சைத் தானே தயாரித்துக்கொள்ளும் மாத்திரை! ஹூபர் என்பவரும் அதே இருவரும் சேர்ந்து 1966-ல் வெளியிட்ட கட்டுரை இது எப்படி நடக்கிறது என்று விளக்கியது. ஊர்ந்து வரும் வேகத்துக்கான கணக்கை டக்கேரு ஹிகுச்சி ஏற்கெனவே 1961-லும் 1963-லும் போட்டுக் கொடுத்திருந்தார். வெளிவரும் மருந்தின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதுதான் அது. முதல் பங்கு ஒரு மணி நேரத்தில் வந்தால், இரண்டு பங்கு வந்து சேர நான்கு மணி நேரம் ஆகும். பார்மஸி மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற அதே ஹிகுச்சி சமன்பாடுதான்.

இந்தப் பிசின்களில் அதிகம் ஓடியது ஹைட்ராக்ஸி புரொப்பைல் மீத்தைல் செல்லுலோஸ் என்ற நீளமான பெயர்க்காரர். சுருக்கமாக ஹெச்.பி.எம்.சி. மரக்கூழிலோ பஞ்சிலோ உள்ள செல்லுலோஸை எடுத்து, அதன்மேல் வேதிக்குழுக்களை ஒட்டவைத்துச் செய்வது. இதை 'தாவரப் பொருள்' என்று சொல்லலாமா என்று கேட்டால், பாதி சொல்லலாம். பிறப்பு மரத்தில், வளர்ப்பு தொழிற்சாலையில்.

ஆக, 1960-களின் நடுவிலேயே பன்னிரண்டு மணி நேரம் கசியக்கூடிய மாத்திரை செய்யும் வித்தை கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த மாத்திரை பன்னிரண்டு மணி நேரமும் எங்கே இருக்கும் என்ற கேள்வியை ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

மனித இரைப்பைக்குக் கீழே பைலோரஸ் என்று ஒரு வாசல் உண்டு. சாப்பிட்டிருக்கும்போது அது கெடுபிடியான காவலாளி. அரைத்துக் கூழானதை மட்டும் சிறுகுடலுக்கு அனுப்பும். பெரிய துண்டுகளைத் திருப்பி அனுப்பும். வயிறு காலியாக இருக்கும்போது கதையே வேறு. 1969-ல் சூர்ஷெவ்ஸ்கி என்பவர் பட்டினி கிடந்த நாயின் குடலில் ஒரு மின் அலை தலைமுதல் கடைசிவரை நகர்ந்து போவதைப் பதிவு செய்தார். 1975-ல் கோட், மார்லெட் இருவரும் அதற்கு 'வீடு கூட்டுபவர்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர். மனிதர்களுக்கும் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த அலை வரும். வாசல் விரியத் திறக்கும். மிச்சம் மீதி, எலும்புத் துணுக்கு, விழுங்கிய பழக்கொட்டை, பன்னிரண்டு மணி நேர மாத்திரை, எல்லாவற்றையும் கூட்டி வெளியே தள்ளிவிட்டுப் போகும்.

தள்ளட்டுமே, குடலில் கசிந்தால் போதாதா? பல மருந்துகளுக்குப் போதும். சில மருந்துகளுக்குப் போதாது. சிறுகுடலின் மேல்பகுதியில் மட்டும் உறிஞ்சப்படுகிற மருந்துகள் உண்டு. நாட்டிங்ஹாமில் டேவிஸும் அவருடன் இருந்தவர்களும் காமா கேமரா வைத்துப் பார்த்து 1986-ல் சொன்னபடி, மாத்திரையோ குருணையோ திரவமோ எதுவாக இருந்தாலும் சிறுகுடலைக் கடக்க மூன்று, நான்கு மணி நேரம்தான் ஆகிறது. அதிலும் மேல்பகுதி ரயில் நிற்காமல் போகிற சின்ன ஸ்டேஷன் மாதிரி. மாத்திரை அதைத் தாண்டிய பிறகு கசிகிற மருந்து மலத்தோடு போகவேண்டியதுதான்.

இந்தக் கணக்கில் மிக மோசமாக மாட்டிக்கொண்டவர்கள் பார்க்கின்சன் நோயாளிகள். 1967-ல் ஜார்ஜ் கோட்சியாஸ் அதிக அளவில் டோபா கொடுத்துப் பல நோயாளிகளை நடமாட வைத்தபோது அது அதிசயமாகப் பேசப்பட்டது. சில வருடங்களில் அதிசயம் விட்டு விட்டு வேலை செய்ய ஆரம்பித்தது. லெவோடோபா ரத்தத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். துணை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் ஆரம்பத்தில் மூளை அதைச் சேமித்துவைத்துச் சமாளிக்கும். வருடங்கள் போகப் போகச் சேமிக்கும் செல்கள் குறையும். பிறகு மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடப்பார்கள், பேசுவார்கள். தீர்ந்ததும் நாற்காலியிலேயே உறைந்துபோவார்கள். டாக்டர்கள் இதற்கு 'ஆன்-ஆஃப்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், ஏதோ ஸ்விட்ச் மாதிரி. இரவு இன்னும் கொடுமை. தூக்கத்தில் மருந்து தீர்ந்துவிட, படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் விடியும்வரை விழித்துக் கிடக்க வேண்டும். மெதுவாகக் கசியும் லெவோடோபா இவர்களுக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லெவோடோபா உறிஞ்சப்படுவது அந்தச் சின்ன ஸ்டேஷனில்தான்.

அப்படியென்றால் மாத்திரையை ஸ்டேஷனுக்கு முன்னாலேயே, அதாவது இரைப்பையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். எப்படி?

விடைக்கான விதை வேறு ஒரு பிரச்சினையிலிருந்து கிடைத்தது. மாத்திரை விழுங்கும்போது தொண்டையில் சிக்கித் திணறுகிறவர்களுக்காக, தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு அடர்த்தி குறைந்த மாத்திரையைச் செய்யலாம் என்று டேவிஸ் என்ற அமெரிக்கர் (மேலே சொன்ன நாட்டிங்ஹாம் டேவிஸ் இல்லை, இவர் வேறு) 1968-ல் காப்புரிமை வாங்கினார். தொண்டைக்காக யோசித்த மிதவையை இரைப்பைக்கு எடுத்துக்கொண்டவர்கள் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் ஷேத், டோசூனியன் ஆகிய இருவர். இவர்களுடைய காப்புரிமை 1978-ல் வந்தது. கேப்ஸ்யூலுக்குள் மருந்தோடு உப்பும் பிசின் நிறைய, சிறிது கொழுப்பு. கேப்ஸ்யூல் கரைந்ததும் உள்ளிருந்த தூள் வெளிப்புறத்தில் ஜெல் தோலைக் கட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்று அப்படியே சிறைபட்டுப் போகும். மொத்த அடர்த்தி ஒன்றுக்குக் கீழே. இரைப்பை நீரின் அடர்த்தி ஒன்றைவிட ஒரு மயிரிழை அதிகம். எனவே மிதக்கும். கீழே இருக்கும் வாசலுக்கு எட்டாமல் மேலேயே நிற்கும். இதற்கு 'ஹெச்.பி.எஸ்.' என்று பெயர் வைத்தார்கள். டயஸிபாம் மருந்தை இப்படிச் செய்து 'வேல்ரிலீஸ்' என்று விற்றார்கள். பிறகு வந்ததுதான் பார்க்கின்சன்காரர்கள் எதிர்பார்த்தது: 'மாடோபார் ஹெச்.பி.எஸ்.' ஒரு கேப்ஸ்யூலில் 100 மில்லிகிராம் லெவோடோபா, 25 மில்லிகிராம் பென்செராஸைடு.

உதவியதா என்றால் உதவியது. குறிப்பாக இரவில் முடங்கிக் கிடந்த பலருக்கு உதவியது. ஆனால் சாதாரண மாடோபாரோடு ஒப்பிட்டால் உடம்பில் சேர்ந்த மருந்து குறைவு. அதை ஈடுகட்ட தினசரி அளவை சராசரியாக ஐம்பது சதவீதம் கூட்ட வேண்டியிருந்தது. காலையில் எழுந்ததும் இதை மட்டும் போட்டால் வேலை செய்யத் தொடங்க நேரமாகும் என்பதால், சாதாரண மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மிதக்கும் கேப்ஸ்யூல் மிதந்துகொண்டேதான் இருந்ததா என்ற சந்தேகம் வருவது இயற்கை.

அதற்கும் கேமராதான் பதில் சொன்னது. பிரஸ்ஸல்ஸில் டிம்மர்மன்ஸ், மோயஸ் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் ஆட்களுக்கு மிதக்கும் கேப்ஸ்யூலும் மிதக்காத கேப்ஸ்யூலும் கொடுத்துப் பார்த்தார்கள். நிமிர்ந்து இருப்பவர்களுக்கு மிதப்பவை மேலே நின்று அதிக நேரம் தங்கின. படுத்துவிட்டால் அந்த வசதி போய்விட்டது. படுத்திருப்பவருக்கு 'மேலே' என்பது வாசலுக்கு எதிர்த்திசை அல்லவே! வயிற்றில் சாப்பாடு இருந்தால்தான் தங்கலும் நீண்டது. வெறும் வயிற்றில் வீடு கூட்டுபவர் வரும்போது மிதந்தாலும் சரி, மூழ்கினாலும் சரி, ஒரே கதிதான். இதிலுள்ள முரணைக் கவனிக்க வேண்டும். படுக்கப்போகும் முன் விழுங்குவதற்காகவே அதிகம் எழுதிக் கொடுக்கப்பட்ட கேப்ஸ்யூல், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நன்றாக மிதக்கும். இரவில் உதவியது மிதந்ததாலா, ஜெல் மெதுவாகக் கசிந்ததாலா? பெரும்பங்கு இரண்டாவதற்குத்தான் போக வேண்டும்.

இதே காலத்தில் அமெரிக்காவில் பிசின் வேறு மாதிரிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. கொத்தவரைப் பிசின், அதாவது குவார் கம், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்தின் பயிர். இரண்டாம் உலகப்போரில் மத்தியதரைக் கடல் நாடுகளின் கரோப் விதைப் பிசின் கிடைக்காமல் போனபோது மாற்றாகத் தேடப்பட்டு, பிறகு ஐஸ்கிரீம் முதல் காகிதம்வரை எங்கும் நுழைந்தது. 1980-களில் 'கால்-பேன் 3000' என்ற பெயரில் அதையே மாத்திரையாக்கி, உடல் இளைக்க உதவும் என்று அங்கே விற்றார்கள். வயிற்றுக்குள் உப்பிப் பசியை அடக்கும் என்பது கணக்கு. இரைப்பை வரை போய்ச் சேர்ந்தால் சரி. வழியிலேயே, உணவுக்குழாயிலேயே உப்பிவிட்டால்? அதுதான் நடந்தது. தண்ணீர் போதாமல் விழுங்கியவர்களுக்கு, உணவுக்குழாய் ஏற்கெனவே குறுகலாக இருந்தவர்களுக்கு, மாத்திரை அடைப்பானாக மாறியது. அமெரிக்க உணவு, மருந்துத் துறைக்கு வந்த 26 பேரின் விவரங்கள் 1992-ல் ஒரு மருத்துவ இதழில் அலசப்பட்டன. பெரும்பாலோருக்கு உணவுக்குழாயில் அடைப்பு, சிலருக்குச் சிறுகுடலில். ஒருவர் இறந்துபோனார். அதற்கு முன்பே 1991-ல் கடையில் நேரடியாக விற்கும் இளைக்கும் மருந்துகளில் கொத்தவரைப் பிசின் உட்பட 111 பொருள்களை அந்தத் துறை தடை செய்திருந்தது. 1993-ல், தண்ணீரில் உப்பும் பிசின் உள்ள அப்படிப்பட்ட மருந்துகள் எல்லாவற்றின்மேலும் போதிய தண்ணீரோடு விழுங்காவிட்டால் தொண்டை அடைக்கும் என்ற எச்சரிக்கை கட்டாயமானது. இசப்கோல் டப்பாவில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்கச் சொல்வது சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல.

இத்தனை தொல்லையும் தண்ணீர் பட்டவுடன் எங்கே வேண்டுமானாலும் உப்புகிற பிசினால் வந்தது. இரைப்பையில் மட்டும் கெட்டிப்படுகிற ஒன்று இருந்தால்? இருந்தது. அதற்கு நூறு வருடப் பழமையும் இருந்தது.

ஸ்காட்லாந்துக் கரையோரங்களில் கடல்பாசியை மலையாகக் குவித்து எரித்து, சாம்பலிலிருந்து முதலில் சோடாவும் பிறகு அயோடினும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இ.சி.சி. ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலாளருக்கு இந்த எரிப்பு பிடிக்கவில்லை. பாசியின் பெரும்பகுதி புகையாகப் போகிறதே என்ற ஆதங்கம். எரிக்காமல் சோடாக் கரைசலில் ஊறவைத்தபோது கொழகொழப்பான பொருள் ஒன்று கிடைத்தது. 'ஆல்ஜின்' என்று பெயரிட்டு 1881-ல் காப்புரிமை வாங்கினார். அதன் உப்புதான் ஆல்ஜினேட். தண்ணீரில் கரைந்து கெட்டித் திரவமாகும். கால்சியம் பட்டால் ஜெல்லாக இறுகும். முட்டை அட்டையின் குழிகளில் முட்டைகள் உட்காருவதுபோல இரண்டு சங்கிலிகளுக்கிடையில் கால்சியம் உட்காருவதாக 1973-ல் விளக்கம் வந்தது. அமிலம் பட்டாலும் இறுகும். அமிலம் எங்கே இருக்கிறது? இரைப்பையில்.

நெஞ்செரிச்சலுக்கான 'காவிஸ்கான்' இந்தக் குணத்தை அப்படியே பயன்படுத்தியது. ஆல்ஜினேட்டோடு சோடியம் பைகார்பனேட். அமிலத்தில் ஒன்று ஜெல்லாகும், மற்றது நுரைக்கும். குமிழ்கள் ஜெல்லுக்குள் மாட்டிக்கொண்டு, முழுவதும் ஒரு தெப்பமாக இரைப்பை நீரின்மேல் மிதக்கும். அமிலம் மேலே ஏறவந்தால் முதலில் தெப்பம்தான் முட்டும். மருந்தை மெதுவாகக் கசியவிடும் வேலை இதில் இல்லை. ஆனாலும் மிதக்கும் ஜெல்லின் ஆகப் பெரிய வெற்றி இதுதான்.

இந்தப் பாசிக்கு இந்தியாவில் ஊர் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கிடைக்கும் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் 1960-களிலிருந்து ஆல்ஜினேட் தொழிற்சாலைகளுக்குப் போயின. மரிக்கொழுந்துப் பாசி அகார் செய்யப் போனது. மூச்சைப் பிடித்து முங்கி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1986-ல் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு தலைமுறையாகப் போய்வந்த இடம் தடை செய்யப்பட்ட இடமாயிற்று. வனத்துறை ஒரு பக்கம், வியாபாரி சொல்லும் விலை ஒரு பக்கம். பாசி அழிந்துவிடக்கூடாது என்று மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் எடுப்பது என்ற கட்டுப்பாட்டை அந்தப் பெண்களே தங்களுக்குப் போட்டுக்கொண்டார்கள். காப்புரிமைகளில் 'சோடியம் ஆல்ஜினேட்' என்று இரண்டே சொல்லில் முடிந்துபோகிற பொருளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

காப்புரிமை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் குடலின் மேல்பகுதியில்தான் நன்றாக உறிஞ்சப்படும். தினமும் இருவேளை போட வேண்டிய அதை ஒருவேளையாக்க, ரான்பாக்ஸி நிறுவனத்தில் தல்வார், சென் ஆகியோரும் அவர்களோடு ஸ்டானிஃபோர்த்தும் காவிஸ்கானின் அதே தந்திரத்தைத் திடமாத்திரைக்குள் அடைத்தார்கள். சோடியம் ஆல்ஜினேட், சாந்தன் பிசின், நுரைக்க சோடியம் பைகார்பனேட், சீக்கிரம் உப்பிப் பெரிதாக இன்னொரு பொருள். (சாந்தன் தாவரப் பிசின் இல்லை; முட்டைக்கோஸைக் கெடுக்கும் ஒரு பாக்டீரியாவின் தயாரிப்பு.) இந்த ஒருவேளை மாத்திரையின் உரிமத்தை 1999-ல் பேயர் வாங்கியது. சிப்ரோஃப்ளாக்சசினைக் கண்டுபிடித்த கம்பெனியே வந்து வாங்கியதால் இந்தியப் பத்திரிகைகள் கொண்டாடின. அமெரிக்கக் காப்புரிமை 2001-ல் வந்தது. ரான்பாக்ஸி 2015-ல் சன் பார்மாவோடு இணைந்து மறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு இந்திய பார்மஸி கல்லூரிகளில் அடித்த அலையைப் பற்றி வகுப்புத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தவரை, புளியங்கொட்டை, முருங்கைப் பிசின், வெண்டைக்காய்க் கொழகொழப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மிதக்கவிட்டு எழுதிய எம்.பார்ம் ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. 37 டிகிரியில் 900 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் மாத்திரையைப் போட்டு எத்தனை நொடியில் மேலே வருகிறது, எத்தனை மணி நேரம் மிதக்கிறது என்று குறிப்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் மிதக்கும். இருபத்துநான்கு மணி நேரம்கூட மிதக்கும். கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பசிக்காது, அது படுத்துத் தூங்காது, அதில் பைலோரஸும் கிடையாது. மனிதரிடம் சோதிக்கப் பணமும் அனுமதியும் வேண்டும் என்பது உண்மைதான். மாணவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் மிதந்த நேரத்தைத் தங்கிய நேரமாக எழுதிக்கொள்வது தவறு.

மார்க்கெட்டுக்குப் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரத்தில் வடிந்த பிசின் ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு மாதிரி. போன வருடம் எட்டு மணி நேரம் கசிந்தது இந்த வருடம் ஐந்தில் முடிந்துபோகலாம். விலையும் அப்படியே. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பவர்கள் கொத்தவரைப் பிசினை வாங்கிக் குவித்த 2011-12-ல் விலை தாறுமாறாக ஏறி, 2012 மார்ச்சில் இந்தியாவில் அதன் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு மருந்துக் கம்பெனிக்காரர்கள் திரும்பவும் ஹெச்.பி.எம்.சி. மூட்டையையே பிரிக்கிறார்கள்.

பார்க்கின்சன் நோயாளிகள் என்ன ஆனார்கள்? இரைப்பையில் விரிந்து தங்கும் மடிப்பு மாத்திரை ஒன்று (பிசின் அல்ல, படலங்களால் ஆனது) லெவோடோபாவோடு பெரிய சோதனைக்குப் போய் 2019-ல் தோற்றது. அதற்கு வெகு முன்பே ஸ்வீடனின் உப்சாலாவில் அக்விலோனியஸும் நைஹோல்மும் வேறு வழியில் போயிருந்தார்கள். வாசலோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, வயிற்றுச் சுவரில் துளையிட்டு, மெல்லிய குழாயை இரைப்பை வழியாகப் பைலோரஸுக்கு அப்பால் சிறுகுடலுக்குள் இறக்கினார்கள். வெளியே இடுப்பில் ஒரு பம்ப். 2004-ல் ஐரோப்பாவிலும் 2015-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற அந்த மருந்து தூளாகவும் இல்லை, திரவமாகவும் இல்லை. எளிதில் கரையாத லெவோடோபா அடியில் படிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்க அதை ஒரு ஜெல்லில் கலந்திருக்கிறார்கள். கார்பாக்ஸி மீத்தைல் செல்லுலோஸ். அதுவும் மரக்கூழ், பஞ்சு வகையறாதான். நோயாளி காலையில் எழுந்ததும் புது கேசட்டைப் பம்பில் மாட்டுவார். பதினாறு மணி நேரம் அது சொட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலானோர் படுக்கப்போகும்போது பம்பை நிறுத்திவிடுவார்கள்.